யார் கேட்ட குவெரி இது? ஒரு ஏபிஐ-யின் தரவுத்தளச் சுமையைத் தேடிய நிகழ்வு ஆய்வு

நாங்கள் பராமரிக்கும் ஏபிஐ (செயலியின் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் சர்வர் நிரல்) ஒரு நூலக இரவல் சேவைக்கானது. உறுப்பினர்கள் கைபேசிச் செயலியில் தாங்கள் எடுத்த புத்தகங்களைப் பார்ப்பார்கள், தவணையை நீட்டிப்பார்கள், வேறொருவர் கையில் இருக்கும் புத்தகத்துக்கு முன்பதிவு போடுவார்கள். ஏபிஐ ஜாங்கோ என்ற பைத்தான் சட்டகத்தில் எழுதப்பட்டது. பின்னால் போஸ்ட்கிரஸ் 14 தரவுத்தளம். இரண்டுக்கும் நடுவே இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்க பிஜிபவுன்சர்.

தினமும் காலை 7 மணிக்கு, "நாளை புத்தகத்தைத் திருப்ப வேண்டும்" என்ற நினைவூட்டல் உறுப்பினர்களுக்குப் போகும். அடுத்த சில நிமிடங்களில் தரவுத்தள சர்வரின் சிபியு உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கும். செயலியில் பட்டியல் திறக்காமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். நினைவூட்டலைப் பார்த்தவர்கள் ஒரே நேரத்தில் செயலியைத் திறக்கிறார்கள் என்பது வரை யாருக்கும் சந்தேகம் இல்லை. திறந்த பிறகு தரவுத்தளத்தை இவ்வளவு வாட்டுவது எது என்பதுதான் தெரியவில்லை.

எல்லாரையும் போல நாங்களும் முதலில் ஸ்லோ லாகைத்தான், அதாவது மெதுவான குவெரிகள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்) பதிவாகும் கோப்பைத்தான், திறந்தோம். 500 மில்லிநொடிக்கு மேல் ஓடும் குவெரிகளை எழுதும்படி அமைத்திருந்தோம். அந்த அரை மணி நேரத்தில் அங்கே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வரிசையில் காத்திருந்து தாமதமான நாலைந்து குவெரிகள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றையும் தனியே ஓட்டினால் நொடிப்பொழுதில் முடிந்தன.

அடுத்து பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ். போஸ்ட்கிரஸ் 8.4 காலத்திலிருந்து, அதாவது 2009 முதல், உடன் வரும் நீட்சி இது. 2012-இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து, மதிப்புகள் மட்டும் மாறும் குவெரிகளை ஒரே வடிவமாகச் சேர்த்து, எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கு வைக்கிறது. மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினோம். முதல் இடத்தில் இருந்தது ஒரு புத்தகத்தின் ஆசிரியர்களை எடுக்கும் சின்னஞ்சிறு குவெரி. தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இருக்கிறது, சராசரி நேரம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அழைப்பு எண்ணிக்கை மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட மலையளவு உயர்ந்து நின்றது.

தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியர் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் குவெரியில நான் குறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. இதை யாரு இத்தனை தடவை கேக்குறாங்கன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

எங்கள் வேலை உண்மையில் அங்கேதான் தொடங்கியது. எந்தக் குவெரி எவ்வளவு ஓடுகிறது என்பது தரவுத்தளத்துக்குத் தெரியும், அதை எந்தக் கோரிக்கை அனுப்பியது என்று தெரியாது. கோரிக்கையைத் தெரிந்த ஏபிஐ-யோ, நிரலிலிருந்து குவெரிகளைத் தானே எழுதி அனுப்பும் ஓஆர்எம் தன் பெயரில் என்னென்ன கேட்கிறது என்பதை எண்ணி வைத்ததே இல்லை.

எல்லாவற்றையும் லாகில் எழுதிப் பார்த்தது

அவசரத்தில் ஒரு வழி தோன்றியது. லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட் என்ற அமைப்பைப் பூஜ்ஜியமாக்கினால் போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு குவெரியையும் அது எடுத்த நேரத்தோடு லாகில் எழுதிவிடும். காலை 6:50-க்கு அதைச் செய்தோம், 7:10-க்குள் திரும்ப எடுத்துவிட்டோம். லாக் எழுதும் வேலையே வட்டை நிறைக்கத் தொடங்கியது. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சர்வருக்கு அது கூடுதல் பாரம்.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. மதிப்புகளோடு எழுதப்பட்ட அந்த வரிகளில் உறுப்பினர் எண், கைபேசி எண், யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பதெல்லாம் அப்படியே இருந்தன. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம், அது எங்கள் லாக் கோப்பில் கிடக்கக் கூடாது. அன்றே அந்தக் கோப்புகளை அழித்தோம். அதன் பிறகு கட்டிய எதிலும் மதிப்புகளைச் சேமிப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

இதே பாதையில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று: போஸ்ட்கிரஸ் 12-இல் பரிவர்த்தனை அளவிலும், 13-இல் தனிக் குவெரி அளவிலும் மாதிரி எடுத்து லாக் செய்யும் வசதி வந்துவிட்டது. நூற்றில் ஒன்றை மட்டும் எழுதச் சொல்லலாம். நாங்கள் அதைப் பிறகுதான் கவனித்தோம். ஆனாலும் எங்கள் கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்காது. லாகில் குவெரி இருக்கும், அது எந்த எண்ட்பாயின்ட்டிலிருந்து (ஏபிஐ-யின் எந்த முகவரியிலிருந்து) வந்தது என்பது இருக்காது.

கோரிக்கைக்கு ஒரு கணக்கு

ஆகவே எண்ணும் வேலையை ஏபிஐ-க்குள் கொண்டுவந்தோம். ஜாங்கோவில் பிழை தேடுவதற்கான டீபக் நிலையை இயக்கினால் ஓடிய குவெரிகளெல்லாம் ஒரு பட்டியலில் சேரும். மேம்பாட்டுக் கணினியில் அது போதும். நேரடிச் சேவையில் டீபக்கை இயக்குவது என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். அதற்குப் பதிலாக ஜாங்கோ 2.0-இல் வந்த எக்ஸிகியூட் ராப்பர் இருக்கிறது. தரவுத்தள இணைப்பில் நாம் ஒரு சார்பை மாட்டிவைத்தால், ஒவ்வொரு குவெரியும் அதன் வழியாகத்தான் போகும். குவெரியின் உரை ஒரு பக்கமும் மதிப்புகள் வேறு பக்கமுமாக நம் கைக்கு வரும். உரையை மட்டும் வைத்துக்கொண்டு மதிப்புகளைத் தொடாமல் விட்டுவிடலாம் என்பதால் தனியுரிமைக் கவலையும் தீர்ந்தது. ரெயில்ஸில் ஆக்டிவ்சப்போர்ட் நோட்டிஃபிகேஷன்ஸ், எஸ்க்யூஎல்ஆல்கெமியில் கர்சர் ஓடுவதற்கு முன்னும் பின்னும் வரும் நிகழ்வுகள், என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரில் இன்டர்செப்டர்கள் என்று மற்றவற்றிலும் இதே இடத்தில் ஒரு கதவு இருக்கிறது.

ஒவ்வொரு கோரிக்கையையும் சுற்றி ஓடும் எங்கள் மிடில்வேர் செய்வது இவ்வளவுதான். கோரிக்கை உள்ளே வரும்போது ஒரு வெற்றுக் கணக்கைத் திறக்கும். ராப்பர் ஒவ்வொரு குவெரியையும் அதில் சேர்க்கும். பதில் வெளியே போகும்போது ஒரே ஒரு வரி லாகில் விழும். அந்த வரியில் நாங்கள் வைத்தவை: எண்ட்பாயின்ட்டின் பாதை வார்ப்பு, மொத்தக் குவெரிகள், அவற்றில் வேறுபட்ட வடிவங்கள் எத்தனை, ஒரே வடிவம் அதிகபட்சம் எத்தனை முறை திரும்ப வந்தது, தரவுத்தளத்தில் கழிந்த நேரம், கோரிக்கையின் முழு நேரம்.

பாதை வார்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உறுப்பினர் எண்ணோடு கூடிய முழு முகவரியைச் சேமித்தால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தனி எண்ட்பாயின்ட் இருப்பது போல் ஆகிவிடும், கூட்டிப் பார்க்கவே முடியாது. எண் வரும் இடத்தை வெற்றிடமாக விட்ட வார்ப்புதான் கூட்டலுக்கு உதவும்.

அந்த ஆறு தகவல்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் 'ஒரே வடிவம் எத்தனை முறை' என்பதை வைத்துக்கொள்வேன். மொத்தம் 30 குவெரி என்பது நியாயமானதாகவும் இருக்கலாம், வீணானதாகவும் இருக்கலாம். ஒரே வடிவம் 28 முறை வந்தால் அங்கே சுழலுக்குள் ஒரு குவெரி உட்கார்ந்திருக்கிறது.

முதல் நாள் காலையே பட்டியல் எண்ட்பாயின்ட்டின் வரி வந்து விழுந்தது: குவெரி 164, வடிவம் 8, ஒரே வடிவம் அதிகபட்சம் 40.

பக்கத்துக்கு 40 இரவல்கள். உள்நுழைவு டோக்கனைச் சரிபார்க்க ஒன்று, உறுப்பினரை எடுக்க ஒன்று, மொத்த எண்ணிக்கைக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று. இதுவரை 4. பிறகு ஒவ்வொரு இரவலுக்கும் பிரதியை எடுக்க ஒன்று, பிரதியிலிருந்து புத்தகத்தை எடுக்க ஒன்று, புத்தகத்திலிருந்து ஆசிரியர்களை எடுக்க ஒன்று, இந்தப் புத்தகத்துக்கு வேறு யாராவது முன்பதிவு போட்டிருக்கிறார்களா என்று பார்க்க ஒன்று. 40 இரவலுக்கு 160. என்+1 (பட்டியலுக்கு ஒரு குவெரி, அதன் ஒவ்வொரு வரிக்கும் இன்னொன்று) என்று எல்லாரும் படித்துத் தேர்ந்த அதே சிக்கல் நான்கு அடுக்காக எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. குவெரி எழுதியவர் தவறு செய்யவில்லை. பட்டியலை எடுக்கும் கோடு (நிரல்வரிகள்) ஒரு கோப்பில், பதிலை வடிவமைக்கும் சீரியலைசர் இன்னொரு கோப்பில். சீரியலைசரில் ஒரு புள்ளி வைத்து 'இரவல்.பிரதி.புத்தகம்' என்று எழுதியவருக்கு, அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தரவுத்தளத்துக்குப் போய்வரும் ஒரு பயணம் என்பது கண்ணில் படவே வழியில்லை.

வரிகளை ஒரு மணி நேரத்துக்குக் கூட்டி, எண்ட்பாயின்ட் வாரியாக மொத்தக் குவெரிகளை வரிசைப்படுத்தினோம். இரவல் பட்டியல் முதலில் வந்தது எதிர்பார்த்ததுதான். இரண்டாவதாக வந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. படிக்காத அறிவிப்புகள் எத்தனை என்று சொல்லும் எண்ட்பாயின்ட் அது. அதன் வரியில் இருந்தது வெறும் 3 குவெரிகள். ஆனால் செயலி திறந்திருக்கும் வரை 30 நொடிக்கு ஒரு முறை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கோரிக்கை ஒன்றுக்கான எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இதைத் தவறவிட்டிருப்போம்.

தரவுத்தளத்துக்குள் ஒரு பெயர்ச்சீட்டு

ஏபிஐ பக்கத்துக் கணக்கு இருந்தாலும், தரவுத்தளத்தில் இந்த நொடி ஓடிக்கொண்டிருக்கும் குவெரி யாருடையது என்று பார்க்க இன்னொரு ஏற்பாடு வேண்டியிருந்தது. அதற்குப் பழைய, எளிய வழி ஒன்று உண்டு. குவெரியின் உரையோடு எஸ்க்யூஎல் கமென்டாக (தரவுத்தளம் பொருட்படுத்தாத குறிப்பாக) எண்ட்பாயின்ட்டின் பெயரைச் சேர்த்து அனுப்புவது. ரெயில்ஸ் உலகில் மார்ஜினாலியா என்ற நூலகம் இதைச் செய்துவந்தது, ரெயில்ஸ் 7-இல் அது சட்டகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கூகுள் 2021-இல் எஸ்க்யூஎல்கமென்டர் என்று ஒன்றை வெளியிட்டது. எங்களிடம் ராப்பர் ஏற்கெனவே இருந்ததால் அதிலேயே இரண்டு வரி சேர்த்தோம்.

இரண்டு வரிதான், ஆனாலும் அதில் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டியிருந்தது. முதலாவது, கமென்டுக்குள் போவது எதுவாக இருந்தாலும் அது கமென்டை மூடிவிட்டு வெளியே வரக் கூடாது. பயனர் அனுப்பும் எதையும் உள்ளே விடாமல், எங்கள் பாதை வார்ப்பை மட்டும், அதையும் குறிகளை மாற்றிய பிறகே சேர்த்தோம். இரண்டாவது, கமென்ட் எங்கே நிற்க வேண்டும் என்பது. ஓடும் குவெரிகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி, இயல்பு அமைப்பில் ஒரு குவெரியின் முதல் 1024 பைட்டை மட்டுமே வைத்துக்கொள்ளும். ஓஆர்எம் எழுதும் குவெரிகள் பெரும்பாலும் அதைத் தாண்டி நீளும். கமென்டைக் கடைசியில் வைத்தால் மிகவும் தேவைப்படும் நீளமான குவெரிகளில்தான் அது வெட்டுப்பட்டுப் போகும். எனவே முன்னால் வைத்தோம். மூன்றாவது, கோரிக்கைக்கு ஒரு தனி அடையாள எண்ணையும் கமென்டில் போடலாமா என்ற கேள்வி. தயார்நிலைக் குவெரிகளைப் பயன்படுத்தும் அமைப்பில் உரை ஒவ்வொரு முறையும் மாறினால் தயாரித்து வைத்தது எதுவும் மறுபடி பயன்படாது. எங்கள் அமைப்பில் அந்தச் சிக்கல் இல்லாவிட்டாலும், நாளை மாறலாம் என்று அதைத் தவிர்த்துவிட்டோம்.

தவறான எண்ட்பாயின்ட்டில் போன ஒரு நாள்

கமென்ட் வந்த மறுநாள் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸின் கணக்கைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, மாலையில் திரும்பத் திறந்தோம். ஆசிரியர்களை எடுக்கும் குவெரியின் உரையில் 'புத்தகம்/தேடல்' என்ற பெயர் பளிச்சென்று இருந்தது. தேடல் எண்ட்பாயின்ட்டில் ஒரு முழு நாள் உழைத்தோம். அங்கே ஒரு சிறு என்+1 இருக்கவும் செய்தது, திருத்தினோம். அடுத்த நாள் காலை 7 மணிக்கு எந்த மாற்றமும் இல்லை.

காரணம் அந்த நீட்சி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அது குவெரியை அலசிய பிறகு கிடைக்கும் மரத்தை வைத்துத்தான் வடிவத்தை அடையாளம் காண்கிறது. அந்த மரத்தில் கமென்டுகள் இருப்பதில்லை. ஆகவே பத்து எண்ட்பாயின்ட்டுகள் ஒரே வடிவத்தை அனுப்பினாலும் ஒரே வரிதான். திரையில் காட்டப்படும் உரை, அந்த வடிவம் முதல்முறை வந்தபோது இருந்த உரை. அன்று கணக்கைப் பூஜ்ஜியமாக்கிய பின் முதலில் வந்தது யாரோ ஒருவர் செய்த தேடல். அவ்வளவுதான். மீதிக் குவெரிகளை அனுப்பிய இரவல் பட்டியலின் பெயர் அங்கே வர வாய்ப்பே இல்லை.

இதை விரிவாக எழுதக் காரணம், அந்தத் திரையைப் பார்த்தால் யாருக்குமே சந்தேகம் வராது என்பதுதான். பெயர் இருக்கிறது, பக்கத்தில் பெரிய எண் இருக்கிறது, இரண்டையும் மனம் தானாகச் சேர்த்துவிடுகிறது. கமென்டை நம்ப வேண்டிய இடம் அப்போது ஓடும் குவெரிகளைக் காட்டும் ஆக்டிவிட்டியும், ஒவ்வொரு குவெரியையும் தனித்தனியே எழுதும் லாகும்தான். கூட்டுத்தொகை காட்டும் இடத்தில் கமென்டுக்குப் பொருள் இல்லை.

இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை

அந்த அடி எனக்குள் வேறொரு கேள்வியை எழுப்பியது. நாங்களே எழுதிய எண்ணி மட்டும் சரியாக எண்ணுகிறது என்று எதை வைத்து நம்புகிறோம்?

சோதிக்க வழி கையிலேயே இருந்தது. பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸில் ஒரு மணி நேரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த அழைப்பு எண்ணிக்கைகளின் வித்தியாசம் ஒரு பக்கம். அதே மணி நேரத்தில் ஏபிஐ லாக் வரிகளில் இருந்த குவெரிகளின் கூட்டுத்தொகை மறுபக்கம். பரிவர்த்தனையைத் தொடங்குவதும் முடிப்பதுமான கட்டளைகள், கண்காணிப்புக் கருவியின் குவெரிகள் ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. தரவுத்தளம் சொன்ன எண் கணிசமாகப் பெரிதாக இருந்தது. அந்த வித்தியாசத்தை வடிவம் வடிவமாகப் பிரித்துப் பார்த்தபோது ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

பெரிய ஓட்டை, இரவல் வரலாற்றைக் கோப்பாகத் தரவிறக்கும் எண்ட்பாயின்ட்டில். எங்கள் லாகில் அது 3 குவெரிகள் மட்டுமே செய்யும் நல்ல பிள்ளை. ஆனால் அது பதிலை ஸ்ட்ரீமாக அனுப்புகிறது. ஜாங்கோவில் ஸ்ட்ரீம் பதில் என்றால், மிடில்வேர் தன் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகுதான் வெப் சர்வர் அந்தப் பதிலின் வரிகளை ஒவ்வொன்றாக இழுக்கும். குவெரிகளெல்லாம் அப்போதுதான் ஓடும். எங்கள் கணக்கு அதற்குள் மூடப்பட்டிருக்கும். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு ஒவ்வொரு வரிக்கும் ஒரு குவெரி போட்டுக்கொண்டிருந்த அந்த எண்ட்பாயின்ட், எங்கள் பட்டியலில் கடைசி இடத்தில் நிம்மதியாக இருந்தது. ஸ்ட்ரீம் பதிலாக இருந்தால் அதன் உள்ளடக்கத்தை ஒரு ஜெனரேட்டரால் சுற்றி, கடைசி வரி போன பிறகே கணக்கை மூடும்படி மாற்றினோம்.

இன்னொன்று, நூலகருக்கான முகப்புத் திரை. மூன்று கூட்டுத்தொகைகளை ஒரே நேரத்தில் எடுக்க அது த்ரெட் பூலை (இணையாக ஓடும் வேலைத்தடங்களின் தொகுப்பை) பயன்படுத்துகிறது. ஜாங்கோவில் தரவுத்தள இணைப்பு த்ரெட்டுக்கு ஒன்று. மிடில்வேர் ஓடும் த்ரெட்டின் இணைப்பில் ராப்பரை மாட்டினால் மற்ற த்ரெட்டுகளுக்கு அது தெரியாது. கணக்கை வைத்திருந்த கான்டெக்ஸ்ட்வார், பைத்தான் 3.7-இல் வந்த வசதி, அதுவும் பூலில் இருக்கும் த்ரெட்டுக்குத் தானாகப் போய்ச் சேராது. இணைப்பு உருவாகும்போது வரும் சிக்னலில் ராப்பரை மாட்டும்படி மாற்றினோம். வேலையைப் பூலிடம் ஒப்படைக்கும்போது கான்டெக்ஸ்டை நகலெடுத்துக் கொடுத்தோம். இதில் ஒரு சறுக்கலும் நடந்தது. இணைப்பு அறுந்து மறுபடி உருவாகும்போதும் அந்தச் சிக்னல் வரும். ஏற்கெனவே மாட்டியிருக்கிறதா என்று பார்க்காததால் சில இணைப்புகளில் ராப்பர் இரண்டு முறை ஏறி, ஒரு குவெரியை இரண்டாக எண்ணியது. ஏபிஐ-யின் எண் முதல்முறையாகத் தரவுத்தளத்தின் எண்ணைத் தாண்டியதைப் பார்த்துத்தான் அதைப் பிடித்தோம்.

நேரக் கணக்கிலும் ஒரு புதிர் இருந்தது. உச்ச நேரத்தில் எல்லாக் கோரிக்கைகளிலும் முதல் குவெரி மட்டும் மெதுவாக இருப்பதாக ராப்பர் சொன்னது. டோக்கனைச் சரிபார்க்கும் குவெரி அது, ஒரே ஒரு வரியை இண்டெக்ஸ் வழியாக எடுப்பது. தரவுத்தளத்தில் பார்த்தால் அதற்கு நேரமே ஆகவில்லை. இடையில் போன நேரம் பிஜிபவுன்சரின் வாசலில். காலியான இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரம், அந்தக் காத்திருப்பின் முடிவில் ஓடும் முதல் குவெரியின் தலையில் எழுதப்படுகிறது. இதை அறியாமல் டோக்கன் டேபிளுக்கு இன்னொரு இண்டெக்ஸ் போட யாரோ ஒரு கோடு மாற்றத்தை அனுப்பியே விட்டார்கள், நல்லவேளையாக இணைப்பதற்கு முன் நிறுத்தினோம். ராப்பர் அளப்பது ஏபிஐ காத்திருந்த நேரத்தை. தரவுத்தளம் உழைத்த நேரம் வேறு எண். இரண்டையும் லாகில் ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருந்ததை அன்றுதான் மாற்றினோம்.

திருத்தம்

கண்டுபிடித்த பிறகு திருத்துவது எளிது என்றுதான் நினைத்தோம். இரவலோடு பிரதியையும் புத்தகத்தையும் ஒரே ஜாயினில் (டேபிள்களை இணைத்துக் கேட்கும் குவெரியில்) எடுக்க செலக்ட் ரிலேட்டட், ஆசிரியர்களைத் தனியே ஒரே குவெரியில் எடுக்க ப்ரீஃபெட்ச் ரிலேட்டட், முன்பதிவு இருக்கிறதா என்பதற்குப் பட்டியல் குவெரிக்குள்ளேயே ஓர் எக்சிஸ்ட்ஸ் துணைக்குவெரி. கணக்குப்படி 164 என்பது 5 ஆக வேண்டும்: டோக்கன், உறுப்பினர், எண்ணிக்கை, பட்டியல், ஆசிரியர்கள். வெளியிட்ட பிறகு லாக் காட்டியது 45.

ஆசிரியர் குவெரி இன்னும் 40 முறை ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் ப்ரீஃபெட்ச் ஒன்று. சீரியலைசரில் மொழிபெயர்ப்பாளர்களை விட்டுவிட்டு முதன்மை ஆசிரியர்களை மட்டும் எடுக்க ஒரு ஃபில்டர் இருந்தது. முன்கூட்டியே எடுத்து வைத்த பட்டியலின் மேல் ஃபில்டர் போட்டால் ஜாங்கோ அதை ஒரு புதுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளும், கையிலிருக்கும் பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃபில்டரை ப்ரீஃபெட்ச் பொருளுக்குள்ளேயே எழுதி, விளைவைத் தனிப் பெயரில் வைத்த பிறகே 5 வந்தது. எண்ணி இல்லாமல் இருந்திருந்தால் "ப்ரீஃபெட்ச் போட்டாச்சு" என்று மூடியிருப்போம்.

இன்னும் ஒன்றைக் குறைக்கலாமே என்று ஒருவர் ஆசிரியர்களையும் முன்பதிவுகளையும் ஒரே ஜாயினில் சேர்த்துப் பார்த்தார். குவெரி 4 ஆனது, ஆனால் தரவுத்தளம் கூடுதலாக உழைத்தது. இரண்டு ஆசிரியர்களும் மூன்று முன்பதிவுகளும் உள்ள ஒரு புத்தகத்துக்கு அந்த ஜாயின் 6 வரிகளைத் திருப்பும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பட்டியல்களைப் பெருக்கிவிட்டு, பிறகு பைத்தானில் நகல்களைக் களைவது வீண் வேலை. அதைத் திரும்ப எடுத்தோம். குவெரிகளின் எண்ணிக்கை ஒரு தடயம்தான், அதையே இலக்காக வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். இதற்குப் பிறகு திருப்பப்பட்ட வரிகளின் எண்ணையும் லாகில் சேர்த்தோம்.

அறிவிப்பு எண்ட்பாயின்ட்டின் கோடைத் தொடவே இல்லை. செயலி முன்னால் வரும்போது மட்டும் ஒரு முறை கேட்டால் போதும் என்று செயலிக் குழுவிடம் பேசி மாற்றினோம்.

ப்ரீஃபெட்ச் வந்ததும் ஒப்பீட்டுக் கணக்கில் ஒரு புதிய தொல்லை முளைத்தது. ப்ரீஃபெட்ச் குவெரி புத்தக எண்களின் பட்டியலை 'இன்' என்பதற்குள் அனுப்பும். ஒருவருக்கு 40 எண்கள், இன்னொருவருக்கு 37, மற்றவருக்கு 12. போஸ்ட்கிரஸ் 14-இல் பட்டியலின் நீளம் மாறினால் அது தனி வடிவம். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான் இப்படிப்பட்ட மாறிலிப் பட்டியல்களை ஒன்றாகச் சேர்க்கும் மாற்றம் வந்தது. ஒரே குவெரி பல வரிகளாகச் சிதறியதோடு, பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸின் இயல்பான 5000 இடங்களும் நிரம்பி, குறைவாக ஓடிய வடிவங்கள் வெளியே தள்ளப்பட்டன. தள்ளப்பட்டவற்றின் எண்ணிக்கையும் அவற்றோடு போய்விடும். எத்தனை முறை அப்படித் தள்ளியது என்று சொல்லும் ஒரு சிறு காட்சி 14-ஆம் பதிப்பில் இருக்கிறது, அது ஏறிக்கொண்டே இருந்ததைக் கண்டு இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டினோம். அதற்கு சர்வரை மறுபடி தொடங்க வேண்டும் என்பதால் ஒரு இரவு காத்திருக்க நேர்ந்தது.

மறுபடி வராமல் இருக்க

164 ஒரே நாளில் உருவாகவில்லை. சீரியலைசரில் ஆளுக்கொரு புலமாக இரண்டு ஆண்டுகளில் சேர்ந்தது. எனவே தானியங்கிச் சோதனையில் ஒரு காவல் வேண்டும். ஜாங்கோவின் அசெர்ட் நம் குவெரிஸ் இருக்கிறது, "இந்த எண்ட்பாயின்ட் சரியாக 5 குவெரி" என்று எழுதலாம். எனக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை. நியாயமான காரணத்துக்காக ஆறாவது குவெரி சேரும்போதும் சோதனை உடையும். உடைந்தால் எண்ணை மாற்றிவிட்டுப் போகும் பழக்கம் வந்துவிடும். பழக்கம் வந்தபின் 5 என்பது 45 ஆனாலும் கை தானாக மாற்றிவிடும்.

அதனால் நாங்கள் எழுதியது வேறு மாதிரி. ஒரே எண்ட்பாயின்ட்டை 3 இரவல்களோடு ஒரு முறை, 9 இரவல்களோடு ஒரு முறை அழைக்கிறோம். இரண்டு முறையும் குவெரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். அது எவ்வளவாக இருந்தாலும் சரி, தரவு கூடக் கூட அது கூடக் கூடாது. எழுதும்போது ஒரு கவனம் தேவை: 9 இரவல்களும் ஒரே புத்தகத்தைச் சுட்டினால் அல்லது எந்தப் புத்தகத்துக்கும் ஆசிரியரே இல்லாவிட்டால் சோதனை எதையும் பிடிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரதி, தனிப் புத்தகம், குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் என்று தரவை உருவாக்கினோம். பட்டியல் தரும் எல்லா எண்ட்பாயின்ட்டுகளுக்கும் இந்தச் சோதனையைப் பரப்பியபோது இன்னும் சில என்+1 வெளியே வந்தன. அவற்றின் போக்குவரத்து குறைவு, அதனால் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகத் திருத்துகிறோம்.

ஓப்பன்டெலிமெட்ரி போன்ற தடமறியும் கருவியை முதலிலேயே மாட்டியிருந்தால் இவ்வளவு வேலை மிச்சமாகியிருக்குமே என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு அதையும் மாட்டினோம். ஒரு கோரிக்கைக்குள் குவெரிகள் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் ஓடின என்று படமாகப் பார்க்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் செலவு கருதி அதில் நாங்கள் மாதிரிகளை மட்டும் வைத்திருக்கிறோம். மாதிரிகளை வைத்துத் தரவுத்தளத்தின் எண்ணோடு கணக்குப் பார்க்க முடியாது. ஒரு கோரிக்கைக்கு ஒரு வரி என்ற எங்கள் சிறிய லாக் எல்லாக் கோரிக்கைகளுக்கும் விழுகிறது, விலையும் மிகக் குறைவு. அதனால் இரண்டும் இருக்கின்றன.

காலை 7 மணிக்கு சிபியு பயன்பாடு இப்போதும் ஏறுகிறது, உச்சியைத் தொடுவதில்லை. பட்டியல் திறக்கிறது.

இரண்டு கணக்குகளையும் ஒப்பிடும் நிரல் தினமும் ஓடுகிறது. ஓட்டைகளை அடைத்த பிறகும் காலை 6:55-லிருந்து 7:10 வரை மட்டும் ஒரு வித்தியாசம் மிஞ்சியது. அந்த நேரத்தில் ஆக்டிவிட்டியைப் பார்த்தால் பெயர்ச்சீட்டு இல்லாத குவெரிகள் ஓடிக்கொண்டிருந்தன. உறுப்பினரை ஒவ்வொருவராக எடுத்து, அவருக்கு நாளை தவணை முடிகிறதா என்று கேட்கும் குவெரிகள். நினைவூட்டலை அனுப்பும் பின்னணி நிரல்தான் அது. எச்டிடிபி கோரிக்கை எதுவும் இல்லாததால் எங்கள் மிடில்வேர் அதன் வழியில் வந்ததே இல்லை. இப்போது அதற்கும் வேலையின் பெயரில் ஒரு கணக்கும் ஒரு கமென்டும் வைத்தாயிற்று. நாளை தவணை முடியும் இரவல்களை மட்டும் ஒரே குவெரியில் எடுக்கும்படி அதை மாற்றும் கோடு பரிசீலனையில் இருக்கிறது.